யாரும் குடிக்காத ஊருணி

நவம்பர் 4, திங்கள்

மேடம், முதலில் மன்னித்துவிடுங்கள். "தினமும் பார்த்ததை எழுது, தமிழிலேயே எழுது, மாதக் கடைசியில் எனக்கு அனுப்பு" என்று இந்த ஆய்வு வேலைக்கு என்னை அனுப்பும்போது நீங்கள் சொன்னீர்கள், தலையை ஆட்டிவிட்டேன். பரீட்சைத் தாளைத் தவிர வேறெதிலும் நான் இவ்வளவு எழுதியதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டுகிறாள். நான் எழுதுவதை ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்பதே கூச்சமாக இருக்கிறது. வேண்டாத விஷயமெல்லாம் வரும். அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதுகுளத்தூரில் பஸ் மாறி வந்து சேர்ந்தேன். நரிப்பொட்டல் என்ற பெயரைக் கேட்டு முள்ளுக்காட்டை நினைத்திருந்தேன். இறங்கினால் எதிரில் ததும்பத் ததும்ப ஊருணி! போன வாரத்து மழையில் நிரம்பியதாம். கரையெல்லாம் கருவேலம், நடுவில் வானம். பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தங்குவது முனீஸ்வரி அக்கா வீட்டில். அவள் கணவர் சவூதியில் லாரி ஓட்டுகிறார். வீட்டில் அவளும் மூன்று வயது மகள் கனிஷ்காவும்தான். பக்கத்து அறையும் ஓர் அடுப்பும் எனக்கு. நீங்கள் சொன்ன விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். நானே சமைப்பேன். சூடாக மட்டும் சாப்பிடுவேன். கொதிக்கவைத்த தண்ணீரை என் எவர்சில்வர் பாட்டிலில் மட்டும் குடிப்பேன். சோப்பு போட்டுக் கை கழுவுவேன். கிளம்பும் முன் மதுரையில் நம் எல்லோருக்கும் வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பரிசோதித்தபோது நான் சுத்தமென்று வந்தது. அதை அப்படியே காப்பாற்றுவேன்.

நவம்பர் 5, செவ்வாய்

எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீட்டில் குடல் ஒட்டுண்ணி அதிகம்? நம் ஆய்வே இந்த ஒரு வரிதான். கேட்பதும் மூன்றே கேள்வி: குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர், குளிக்கத் துவைக்க எந்தத் தண்ணீர். அதுவரை என் வாய் நன்றாகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு டப்பாவை நீட்ட வேண்டுமே! எதற்கு என்று சொல்ல வேண்டுமே! முதல் நான்கு வீட்டில் டப்பாவை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தேன். ஒரு வீட்டில் அதில் உப்பைப் போட்டு வைத்துவிட்டார்கள்.

டீக்கடை சேதுராமு அண்ணன் கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன தாயி டப்பா? அல்வாக்கா?"

"இல்லண்ணே... நாளைக்குக் காலையில... நீங்க..."

என் காது சுட்டது. அப்போது பின்னாலிருந்து முனீஸ்வரி அக்கா, இடுப்பில் கனிஷ்காவோடு, சந்தையில் கூவுவது மாதிரி சொன்னாள்: "காலைல வெளிக்கிப் போறீகள்ல, அதுல ஒரு கரண்டி! வயித்துல பூச்சி இருக்கான்னு பாக்கப் போறாக. கூச்சப்படாமக் குடுங்க, அவுகளே கூச்சப்படல!"

"ஏத்தா, எங்க ஊர்ல களவாங்க வேற ஒண்ணுமில்லன்னு இதையுமா கேட்டு வந்துட்டீக?" என்றார் சேதுராமு அண்ணன். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எளிதாகிவிட்டது.

நவம்பர் 6, புதன்

பதினோரு டப்பா! ஒருவர் பூப்போட்ட தாளில் சுற்றிக் கொடுத்தார்.

மாலையில் முனீஸ்வரி அக்காவோடு ஊருணிக்குப் போய் எனக்கென்று வாங்கிய பச்சைக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தேன். சில வேலைக்கு ஊருணித் தண்ணீர்தான் சரிப்படுமாம். போர்த் தண்ணீர் உப்பு. சோறு மஞ்சளாகிவிடும். குடிக்க எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்.

நவம்பர் 7, வியாழன்

மேடம்! பார்த்துவிட்டேன்!

அங்கன்வாடியின் பின்னறையில் மைக்ராஸ்கோப்பை வைத்திருக்கிறேன். ஒன்பதாவது டப்பா. சொட்டு வைத்து, கண்ணாடி மூடி, கண்ணை வைத்தால் ஒன்று ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்லக் கூடாது. மரத்திலிருந்து இலை விழும்போது புரண்டு புரண்டு வருமே, அப்படி. பிறகு நின்று என்னைப் பார்த்தது. இரண்டு கண், நடுவில் மூக்கு மாதிரி ஒரு கோடு, கீழே மீசை. ஜியார்டியா! புத்தகத்தில் படமாகப் பார்த்தது, பரீட்சையில் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியது, இப்போது உயிரோடு என்னை முறைக்கிறது!

சத்தம் போட்டுவிட்டேன். அங்கன்வாடிப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒவ்வொருவராகத் தூக்கிக் காட்டினேன். "பேய்" என்றது ஒன்று. "எங்க மாமா" என்றது கனிஷ்கா.

அப்புறம்தான் அது யாருடைய டப்பா என்று பார்த்தேன். கனிஷ்காவுடையது.

நவம்பர் 8, வெள்ளி

மழை. காலைச் சாப்பாடு ஆயிற்று. சின்ன வெங்காயம் உரித்ததில் கை இன்னும் மணக்கிறது. எட்டு டப்பா, மூன்றில் ஜியார்டியா.

நவம்பர் 11, திங்கள்

கனிஷ்காவைப் பற்றி எழுத வேண்டும். நன்றாகப் பேசும், நன்றாகத் திட்டும். ஆனால் தூக்கினால் காலிப் பை மாதிரி இருக்கிறாள். மாதக்கணக்காக வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று முறை மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் குணமாகிறது. கொஞ்ச நாளில் திரும்பிவிடுகிறது. அங்கன்வாடி எடை அட்டையில் அவள் கோடு படுத்தே கிடக்கிறது.

"இவ வயித்துல பூச்சி இருக்குன்னு சொல்லிட்டீக. எப்படி வந்துச்சுன்னும் சொல்லுவீகளா?" என்று முனீஸ்வரி அக்கா கேட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"கண்டுபிடிக்கத்தானக்கா வந்திருக்கேன்."

"அப்ப சட்டுனு கண்டுபிடிங்க. இவ அத்த பரமக்குடில இருந்து கண் கொத்திப் பாம்பா பாத்துக்கிட்டு இருக்கா. பிள்ள தேறலன்னா தூக்கிட்டுப் போயி அவ வளக்கப் போறாளாம். இவுக அப்பாவும் போன்ல சரிங்கிறாக. என் கை சுத்தமில்லையாம்."

அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறிச் சுருங்கியிருந்தது.

நவம்பர் 14, வியாழன்

முக்கால்வாசி ஊர் முடிந்தது. சுவரில் ஊரை வரைந்து, ஜியார்டியா வந்த வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு, வராத வீட்டுக்குப் பச்சைப் பொட்டு வைத்தேன். சிவப்பு வீட்டில் என்ன குடிக்கிறார்கள்? கேன் தண்ணீர். பச்சை வீட்டில்? கேன் தண்ணீர். சமைக்க? இரண்டிலும் ஊருணித் தண்ணீர், அதுவும் கொதித்துவிடுகிறது. குளிக்க? எல்லோருக்கும் போர். மூன்று கேள்விக்கும் ஊரே ஒரே பதில் சொல்கிறது. பொட்டு மட்டும் இரண்டு நிறம்!

கேன் தண்ணீரையும் சந்தேகப்பட்டேன். ஆனால் ஒரே வண்டி ஒரே இடத்தில் நிரப்பி ஊர் முழுக்க இறக்குகிறது. கேன் கெட்டிருந்தால் ஊர் முழுக்கச் சிவப்பாக இருக்க வேண்டும்.

போனில் நீங்கள் சொன்னீர்கள்: "தண்ணீரில் வேறுபாடு இல்லையென்றால் பழக்கம்தான். கைச்சுத்தம் என்று எழுதிவிடலாம்." சரி மேடம் என்றேன். அறிக்கையில் அந்த ஒரு சொல் வந்தால் முனீஸ்வரி அக்காவுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்த பிறகு வந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

பரமக்குடி அத்தை வந்தாள். பெயர் பஞ்சவர்ணம். இடது காது கொஞ்சம் மந்தம். அதனால் ரகசியம் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். கனிஷ்காவுக்குக் கவுன், பொம்மை, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கியதும் அழுதுவிட்டாள். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

"என்னடி பிள்ள வளக்குற? பஞ்சு மாதிரி இருக்கா!"

"மருந்து குடுத்துட்டுத்தான் இருக்கேன் மதினி."

"மருந்து குடுத்தா ஆச்சா? கை சுத்தம் வேணாம்?" என்று என் பக்கம் திரும்பினாள். "இந்தா, இந்தப் பிள்ளையும் இதே வீட்டுலதான் இருக்கு. தன் கையால பொங்கித் திங்குது. தனிச் சட்டி, தனிக் குடம். அதுக்கு ஒண்ணுஞ் செய்யலையே! ஒன் கையில திங்கிற என் தம்பி மகதான நோஞ்சானாக் கெடக்கா? ஏத்தா, ஒனக்கு வயித்துக்கு ஏதும் செய்யுதா? சொல்லு."

தெருவே பார்த்தது.

"இல்ல" என்றேன்.

"கேட்டியா?"

டிசம்பர் முதல் தேதி ஞாயிறு. அன்று வருவாளாம், பிள்ளை தேறவில்லையென்றால் கூட்டிப்போவாளாம். எல்லோரும் போன பிறகு முனீஸ்வரி அக்கா என்னிடம், "நீங்க உள்ளதச் சொன்னீக. ஒங்க மேல என்ன தப்பு" என்றாள்.

நவம்பர் 18, திங்கள்

உடம்புச் சூடு. இரவு இரண்டு முறை எழுந்தேன். வெயிலில் அலைந்ததால் இருக்கும். மோர் குடித்தேன்.

நவம்பர் 20, புதன்

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பார்த்ததை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாளாக முட்டை வாடையில் ஏப்பம் வருகிறது. முட்டை தின்று வாரக்கணக்காகிறது. சூடுதான்.

வேலைக்கு வருகிறேன். சேதுராமு அண்ணன் வீட்டு டப்பாக்களைப் பார்த்தேன். மேடம், அந்த மனிதர் தோசைக் கரண்டியின் காம்பால் முதுகு சொறிந்து, அதே கையால் தோசையைப் புரட்டுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். டம்ளரை வேட்டியில் துடைப்பார். கைச்சுத்தம்தான் காரணம் என்றால் அந்தக் குடும்பத்தில் ஊர்வலமே நடக்க வேண்டும். ஐந்து பேர், ஐந்து டப்பா, ஒன்றில்கூட ஒன்றுமில்லை!

துள்ளிக் குதித்தேன். கை இல்லை மேடம், கை இல்லை! வேறென்னவோ இருக்கிறது!

அவரிடம் போய், "அண்ணே, உங்க வீட்டுல எல்லாரும் சுத்தம்" என்றேன்.

"அதுல என்ன சந்தேகம்?" என்றார், முதுகைச் சொறிந்துகொண்டே.

நவம்பர் 22, வெள்ளி

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். இதை ஒழுங்காக, நடந்தபடி எழுத வேண்டும்.

பச்சைப் பொட்டு வீடுகள் ஊரில் கொஞ்சம்தான். டீக்கடை வீட்டில் காலையில் இட்லி, தோசை. வாத்தியார் வீட்டிலும் அப்படித்தான். பஞ்சாயத்து கிளார்க் வீட்டிலும். அது ஒரு சங்கதியா என்று விட்டிருந்தேன். பாண்டியம்மா அக்கா வீடு மட்டும் எதிலும் சேரவில்லை. கூலி வேலை, கூரை வீடு, ஆறு பேர், அத்தனையும் பச்சை. இன்று மறுபடி சோதிக்க டப்பா வாங்க விடியக்காலமே போனேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வீடுகளிலும் இந்த நேரத்தில் இதேதான் நடக்கும்.

"உக்காரு தாயி, ஒரு வா சாப்புடு" என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தந்தாள். பார்த்தேன். பால் மாதிரி வெள்ளையாக, கொழகொழவென்று இருந்தது.

"என்னக்கா, நீச்சத்தண்ணி இவ்வளவு கெட்டியா இருக்கு?"

"நாந்தான் தண்ணியே ஊத்துறதில்லையே! ராத்திரி சோறு வடிச்ச கஞ்சி இருக்கும்ல, அதையே ஆறவிட்டு மறுபடி சோத்துல ஊத்திருவேன். மூட்டு வலியில எவ ஊருணிக்கு நடக்குறது? ஊருக்குள்ள என்னைய சோம்பேறிம்பாளுக."

கிண்ணம் கையில் அப்படியே நின்றது.

மேடம், எங்கள் மூன்று கேள்வி என்ன? குடிக்க, சமைக்க, குளிக்க. வடித்து முடித்த சோற்றில் ராத்திரி ஊற்றும் தண்ணீரும், காலையில் கரைத்துக் குடிக்க மறுபடி ஊற்றும் தண்ணீரும் எந்தக் கேள்வியில் வரும்? குடிநீர்க் கணக்கில் வராது, அது சோறு. சமையல் கணக்கிலும் வராது, அடுப்பு அணைந்துவிட்டது. இரண்டு கேள்விக்கும் நடுவில் ஊரே உட்கார்ந்து தினமும் காலையில் ஊருணியை அப்படியே, பச்சையாக, கல் உப்பு போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறது! கனிஷ்காவுக்கு மூன்று முறை மாத்திரை, மூன்று முறையும் மறுநாள் காலை அதே நீச்சத்தண்ணி. வயிற்றுக்கு நல்லதென்று அவளுக்கு மட்டும் இரண்டு டம்ளர்!

ஓடினேன். செருப்பைப் பாண்டியம்மா அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டேன். "ஏத்தா, பிடிக்கலன்னா சொல்லிட்டுப் போக வேண்டியதுதான!" என்று பின்னால் சத்தம் கேட்டது.

நவம்பர் 23, சனி

இன்று நான்காவது கேள்வியோடு வீடு வீடாகப் போனேன். "பழைய சோத்துக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க?" எல்லோரும் ஒரே பதில், கொஞ்சம் அலுப்போடு: "ஊருணித் தண்ணிதான், வேறென்ன?" கேன் தண்ணீர் ஊற்றினால் சப்பென்று ஆகிவிடுமாம், புளிப்பு ஏறாதாம். போர்த் தண்ணீர் ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. ஊற்றிய வீடெல்லாம் சிவப்பு. ஊற்றாத வீடெல்லாம் பச்சை. ஒரே ஒரு வீடு மாறி வந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாலையில் தண்ணீர் எடுக்க வந்த முனீஸ்வரி அக்காவோடு ஊருணியைச் சுற்றி வந்தேன். வடக்குக் கரையில் சுவர் இடிந்து, ஆடுகள் இறங்கித் தண்ணீர் குடிக்கின்றன. அதற்கு மேலே கருவேலங்காடு. ஊரில் கக்கூஸ் இல்லாதவர்கள் ஒதுங்கும் இடம். மழை பெய்தால் அங்கிருந்து நேரே ஊருணிக்குத்தான்.

"சுவரை யாரும் கட்டலையாக்கா?"

"நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல ஊருணிக்குக் காவலுக்கு ஆளு இருந்துச்சு" என்றாள் முனீஸ்வரி அக்கா. "செருப்போட கரையேறுனாலே அபராதம். கேன் வந்த பெறகு எதுக்குக் காவல்? அதான் யாரும் குடிக்கிறதில்லையே."

சொல்லிவிட்டு இரண்டு அடி நடந்தாள். அப்புறம் நின்றாள். இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தரையில் வைத்தாள்.

நவம்பர் 24, ஞாயிறு

சண்டை. "இதுவரைக்கும் கை அசுத்தம்னீக. இப்பப் பழையதும் சேராதுங்கிறீக. நாங்க என்னத்தத்தான் திங்கிறது?" என்று முனீஸ்வரி அக்கா கத்தினாள். கை அசுத்தம் என்று நான் சொல்லவில்லை என்றேன். சொல்லாதவர்கள் எல்லாம் பஞ்சவர்ணம் அக்கா பேசிய அன்றைக்குத் தனக்காக வாய் திறந்தார்களா என்றாள். அது எனக்குச் சரியாகப் பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நானே அவள் அடுப்பில் ஊருணித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அவள் சோற்றில் ஊற்றினேன். "பழையத விட வேணாங்கா. தண்ணியக் கொதிக்க வச்சா போதும்." கனிஷ்காவுக்கு நேற்றே டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டார்.

நவம்பர் 25, திங்கள்

காலையில் நான் எழும் முன்பே கதவைத் தட்டினாள். கையில் கிண்ணம்.

"புளிப்பு ஏறிருக்கு! குடிச்சுப் பாரு காளி, ஏறிருக்கு!"

முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டாள். நன்றாகவே புளித்திருந்தது. மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் கதவருகிலேயே உட்கார்ந்து குடித்தோம். சேதுராமு அண்ணன் கடையில் நியூஸ் போய்விட்டது. "கொதிச்ச ஊருணி" என்று புதுப் பலகாரம் மாதிரி பேர் வைத்துவிட்டார்.

நவம்பர் 26, செவ்வாய்

எல்லாவற்றையும் போனில் மூச்சுவிடாமல் சொன்னேன். நீங்கள் முழுதும் கேட்டீர்கள். "நல்லா பாத்திருக்க" என்றீர்கள். அதை நான் நூறு முறை மனதில் ஓட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் கேட்டதையும் எழுதுகிறேன்.

"பழைய சோறு சாப்பிடுற வீடெல்லாம் ஏழை வீடு. கக்கூஸ் இல்லாத வீடு, சோப்பு வாங்க யோசிக்கிற வீடு. கைதான் காரணம்னு ஒருத்தர் சொன்னா என்ன பதில் சொல்லுவ? அந்தப் பாண்டியம்மா ஒரு வீடு. ஒரு வீட்டை வச்சு என்ன சொல்ல முடியும்?"

கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டேன். நீங்களே தொடர்ந்தீர்கள்:

"ஊருணித் தண்ணிய இங்க கொண்டுவந்து வடிகட்டிப் பாக்க ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள வேணும்னா ஒரு ஆள் வேணும். முன்னாடி சுத்தம்னு பரிசோதிச்ச ஆளு. கொதிக்கவச்ச தண்ணி குடிக்கிற, கைய சோப்பு போட்டுக் கழுவுற, தானே சமைக்கிற ஆளு. ஊருணித் தண்ணி சோத்துல மட்டும் உள்ள போயிருக்கணும். அப்படி யாராவது அங்க இருக்காங்களா?"

"இல்ல மேடம்" என்றேன்.

நவம்பர் 27, புதன்

வளையல் மணிக்கட்டைத் தாண்டி நழுவுகிறது. அலைச்சல்.

நவம்பர் 28, வியாழன்

பஞ்சவர்ணம் அக்காவிடமிருந்து போன். ஸ்பீக்கர் தேவையே இல்லை, அடுத்த வீட்டுக்கே கேட்டது. தண்ணீர் விஷயத்தை முனீஸ்வரி அக்கா சொன்னாள்.

"அந்தத் தண்ணிய நானுந்தான் குடிச்சு வளந்தேன்! பழி போட ஒனக்கு ஊருணிதான் கெடச்சுச்சா? ஒன் வீட்டுல இருக்கிற படிச்ச பிள்ள அதே தண்ணிதான எடுக்குது, குத்துக்கல்லாட்டம் இருக்குல்ல? ஞாயித்துக்கெழம வாரேன். பிள்ள துணிமணிய எடுத்து வை."

கனிஷ்கா ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் தானே பையை இழுத்து வந்து, கவுன், பொம்மை, என் மைக்ராஸ்கோப் துடைக்கும் துணி எல்லாவற்றையும் அடைத்தாள். நாலு நாளாக வயிறு சரியாக இருக்கிறது, "இன்னும் சோறு" என்று கேட்கிறாள். ஆனால் எடை ஒரு வாரத்தில் ஏறாது. முனீஸ்வரி அக்கா பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கனிஷ்கா ஒவ்வொன்றாக மறுபடி உள்ளே வைத்தாள்.

நவம்பர் 29, வெள்ளி

மேடம், இன்று பகல் நம் ஜீப் டப்பாக்களை எடுக்க வருகிறது. இந்த நோட்டும் அதில்தான் உங்களுக்கு வரும். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நவம்பர் 6 இரவிலிருந்து நான் பழைய சோறுதான் சாப்பிட்டேன். தினமும். என் கையால் வடித்த சோறு, என் பச்சைக் குடத்துத் தண்ணீர், என் சட்டி. "காலைச் சாப்பாடு ஆயிற்று" என்று எழுதினேனே, அதுதான் அது. நீங்கள் படிப்பீர்கள் என்பதால் பெயரை எழுதவில்லை. சூடாக மட்டும் சாப்பிடு என்ற விதியை மீறியதற்கு பயம், பாதி. மீதி வேறு. கல்லூரி விடுதியில் முதல் வருடம் நான் பழைய சோறு கேட்டதற்கு அறைத் தோழிகள் சிரித்தார்கள். அதன் பிறகு மூன்று வருடம் யாரிடமும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இங்கே வந்த அன்று முனீஸ்வரி அக்கா, "சோத்துக்கு கேன் தண்ணி ஊத்தாதீக, ஊருணித் தண்ணி ஊத்துங்க" என்று சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஊரெல்லாம் போய் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். என் தட்டை நான் கேட்கவே இல்லை.

அது வெயில் சூடு இல்லை, மேடம். நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்ட ஆள் இங்கே இருக்கிறாள்.

பஞ்சவர்ணம் அக்கா தெருவில் வைத்துக் கேட்டபோது "இல்ல" என்றேன் அல்லவா? அன்று காலையே வயிறு கடமுடா என்றுதான் இருந்தது. அந்த ஒரு சொல்லைத்தான் அவள் முனீஸ்வரி அக்காவுக்கு எதிராகப் பிடித்துவைத்திருக்கிறாள். இப்போது நான் போய் "எனக்கும் வந்தது" என்றால் நம்ப மாட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றாகப் பேசுகிறார்கள் என்பாள். நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னாலும் அதே பேச்சுதான். அதனால் பார்க்கவில்லை. கை துறுதுறுத்தது, மேடம்! மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, கடைசியில் உறையைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். அந்த இரண்டு கண்ணும் அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். இல்லையென்றால் நான் தோற்றேன், ஆனால் என் வயிறு அப்படிச் சொல்லவில்லை.

பெட்டியின் மேல் தட்டில் ஒரு டப்பா தனியாக இருக்கிறது. மற்ற டப்பாக்களுக்கு எண்தான். இதில் முழுப் பெயரும் எழுதியிருக்கிறேன்: ச. காளீஸ்வரி. ஜீப் டிரைவர் அண்ணன் படித்துவிட்டுச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. வேலை கேட்கக்கூட என் தோழிதான் பேசினாள். இப்போது கேட்கிறேன். அந்த டப்பாவை நாளைக்கே நீங்கள் பாருங்கள். லேபில் ராஜேஷ் அண்ணனையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு பேர் பார்த்ததாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முனீஸ்வரி அக்கா போனுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பஞ்சவர்ணம் அக்கா அந்நேரம் வந்திருப்பாள். தெருவும் கூடியிருக்கும். ஸ்பீக்கரில் போடுவோம். "தன் கையால் பொங்கித் தின்ற காளீஸ்வரிக்கும் வந்திருக்கிறது" என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் மேடம். அவளுக்கு இடது காது கேட்காது.